மைனஸ் பதினெட்டில் ஒரு நுழைவுத் தேர்வு

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் கனடா பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவை நான் மேப்பில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே படிக்கப் போக ஒரு பெண்ணுக்கு எங்கள் கோடவுனில் பரீட்சை நடந்தது. அதற்கு மேற்பார்வையாளன் நான்.

இன்று காலை ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பட்டாணிப் பாக்கெட் எடுக்க ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டேன். ஈர அட்டைப்பெட்டி, பழைய பனி, கொஞ்சம் மீன். அந்த வாசனை பதினோரு வருஷத்தை ஒரே மூச்சில் கொண்டுவந்துவிட்டது. அப்போது இதே ஊர்த் தொழில்பேட்டையில் ஒரு குளிர் கோடவுனில் ஃப்ரீசர் ஆளாக இருந்தேன். வெளியே ஜூலை வெயிலில் தார் உருகும். நாங்கள் கம்பளிக்கோட்டும் குரங்குக் குல்லாவுமாக நடப்போம். பக்கத்து கராஜ்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். சாக்ஸ், அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் இன்னொரு சாக்ஸ் என்பது எங்கள் முறை. கோட்டுகள் பொது. மாட்டினாலே முந்தின ஷிப்டில் யார் போட்டிருந்தார் என்று மூக்கு சொல்லிவிடும். முதல் நாள் நான் நாலே நிமிஷத்தில் வெளியே ஓடிவந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

எங்கள் ஸ்டோர்கீப்பர் அந்தோணி அண்ணன், தூத்துக்குடிப் பக்கம். மகள் ஜெனி ஷார்ஜாவிலேயே வளர்ந்தவள். கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அண்ணனிடம், அங்கே மைனஸ் முப்பது என்று சொல்லிவிட்டான். அண்ணனுக்குத் தெரிந்த மைனஸ் எங்கள் ஃப்ரீசர்தான். அது பதினெட்டு. வெள்ளிக்கிழமை, மேனேஜர் வராத நாளில், மகளைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"இருவது நிமிஷம் உள்ள நில்லு. நின்னுட்டா கையெழுத்து. இல்லன்னா இங்கயே காலேஜ்."

"அப்பா, திஸ் இஸ் நாட் ஈவன் லாஜிக்கல். அங்க ஃப்ரீசர்லயா கிளாஸ் எடுக்கிறாங்க?"

"முடியலன்னா உள்ள பெல் இருக்கு, அடி. தம்பி, நீ கூடப் போ."

இருபது நிமிஷம் எங்கள் கம்பெனிக் கணக்கு. அதற்குமேல் ஒரே மூச்சில் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. இருப்பதிலேயே சின்னக் கோட்டை மாட்டியும் ஜெனியின் கை வெளியே தெரியவில்லை. கால் முளைத்த கோழிப்பெட்டி மாதிரி நடந்துவந்தாள்.

எனக்குப் பெண்களோடு பேசிப் பழக்கமில்லை. இரண்டு நிமிஷம் இறால் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பல் தந்தியடித்தது. "அங்கிள், அப்ளிகேஷனுக்கு ஒரு எஸ்ஸே எழுதினேன். சொல்லட்டா? வீட்ல யாரும் கேக்கல" என்றாள். சொன்னாள். முழுக்க இங்கிலீஷ். எனக்கு 'மை ஃபாதர்' மட்டும் புரிந்தது. அது நாலு தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் அங்கங்கே "கரெக்ட்" என்றேன். இமையெல்லாம் வெள்ளையாகிவிட்டது, அவள் நிறுத்தவில்லை.

திடீரென்று கதவு திறந்தது. பனிப்புகைக்கு நடுவில் அரைக்கைச் சட்டையோடு அண்ணன்.

"போதும்மா, வா, வா. விரல ஆட்டிக் காட்டு. எல்லாம் ஆடுதா?"

வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். பத்து விரலையும் எண்ணினார். பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினாலுதான் ஆச்சு. ஃபெயில்."

"நீங்கதான கதவத் தொறந்தீங்க!"

"தொறந்தா என்ன? இருவது ஆகலல்ல?"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கான் பாய் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். "பாய், பேட்டி பாஸ். பாப் ஃபெயில். கலாஸ்." மகள் பாஸ், அப்பன் ஃபெயில், கதை முடிந்தது என்கிறார்.

"நீ சும்மா இரு பாய்" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உள்ள நின்னது நீ. நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெனியும். ஸ்டோர்கீப்பரை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியவனில்லை நான்.

"பாப்பா பெல் அடிக்கலண்ணே."

"அடிக்கலையா?"

"கையே அந்தப் பக்கம் போகல."

அண்ணன் கதவில் இருந்த சின்னக் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தார். "எனக்குத்தான் உள்ள இருக்கிறது தெரியல. அந்தக் கண்ணாடி பூரா பனி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்தக் கோடவுனை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே டயர் கோடவுன். கம்பெனியின் புது ஃப்ரீசரில் பெட்டியை மெஷின் எடுக்கிறதாம். ஆளும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். கான் பாய் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. பொது வேர்வை வாசனையோடு பழைய கோட்டுகள் எங்கே போயினவோ. என்னிடம் அத்தனை நீளத்துக்கு இங்கிலீஷ் பேசியவர்கள் அதற்கப்புறம் யாருமில்லை.

அந்தப் பரீட்சைக்கு மறுநாள் அந்தோணி அண்ணன் டியூட்டிக்கு வரவில்லை. ஜலதோஷம். கையெழுத்துப் போட்ட படிவத்தை ஜெனி காலையிலேயே அனுப்பிவிட்டாளாம்.