கழுத்தடி இரும்பும் பத்தொன்பது வயதுச் சிப்பாயும்

முதலில் இடது கையின் இரண்டு விரல்கள் விறைத்தன. டண்டினொங் புறநகரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் பெட்டி ஒன்று நழுவி விழுந்தபோது, நித்திரை போதவில்லை என்று நினைத்தேன். மூன்றாவது பெட்டியும் விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். அவர் எம்.ஆர்.ஐ. (வலுவான காந்தத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுக்க எழுதித் தந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான்தான். படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து வீட்டுப் படிவங்கள் எல்லாம் என் கையால்தான் நிரம்பும். மருத்துவமனைப் படிவத்தில், ‘உடலில் உலோகத் துண்டு ஏதும் உண்டா?’ என்று இருந்தது. ‘இல்லை’ என்று குறித்தேன்.

உண்டு. எனக்குப் பத்து வயதில், போரின்போது வன்னியில் விழுந்த ஷெல் குண்டின் துண்டு ஒன்று கழுத்தடியில் இருந்தது. ஆனால் எங்களுக்குத் தழும்பு என்றால் விசாரணை. கண்ட ராணுவத்தார் ஆயுத இயக்கத்துப் பொடியன் என்று நினைப்பார்கள். “சைக்கிளால விழுந்தனான் எண்டு சொல்லு” என்று அம்மா அப்போதே பழக்கியிருந்தார். நான் இன்னும் தற்காலிக விசாவில் இருப்பவன்; இயக்கக்காரன் என்று சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். காந்தம் இரும்பை இழுக்கும் என்று படித்திருந்தும், சின்னத் துண்டுதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அம்மாவோடு காத்திருந்த இடத்தில், பக்கத்துக் கதிரையில் என்னைப் போலவே நீல அங்கியோடு ஒரு முதியவர். பெயர் ரே. அமெரிக்கர், சிட்னிப் பெண்ணை மணந்து இந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர். தாதி அவருடைய படிவத்தைச் சரிபார்த்தார்.

“உலோகம்?”

“நிறைய. வியட்நாம் போர். இடது தொடை.”

“எத்தனை துண்டு? பழைய எக்ஸ்ரே இருக்கிறதா?”

தாதி வேறொன்றும் கேட்கவில்லை. ரே சொன்னதைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா என் காதருகே குனிந்தார். “ஆமிக்காரரோ?”

“ஓம். அமெரிக்கன் ஆமியாம். தொடையில இரும்பு இருக்கெண்டு சொல்லிப்போட்டார், தாதி ஒண்டும் விசாரிக்கேல்ல.”

“கேணலோ எண்டு கேள்.”

கேட்டேன். ரே சிரித்தார். “கேணலா? எனக்குக் கீழே முகாம் நாய் மட்டும்தான் இருந்தது. கடைநிலைச் சிப்பாய். வயது பத்தொன்பது. சார்ஜன்டுக்கு இருபத்தொன்று. லெப்டினன்டுக்கு இருபத்துமூன்று, அவரைக் கிழவர் என்றுதான் கூப்பிடுவோம்.”

அம்மாவுக்குச் சொன்னேன்.

“பத்தொன்பதோ? பொடியளைப் பொடியள் மேய்ச்சிருக்கினம். தாய்மார் எப்பிடி விட்டவை?” என்றவர், என் கழுத்தடியைப் பார்த்தார். பிறகு, “ஊரில எங்களைச் செக் பண்ணின ஆமிக்காரருக்கும் அவ்வளவு வயசுதான் இருந்திருக்கும், என்ன?” என்றார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது அம்மா அங்கியின் நுனியைப் பிடித்தார். “தம்பி, நீயும் உள்ளதைச் சொல்லிப்போடு.”

“நான் பிழையாகக் குறித்துவிட்டேன்” என்று தாதியிடம் சொன்னேன். “இப்போதே சொன்னது நல்லது” என்று அவர் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

எக்ஸ்ரேயில் துண்டு, கைக்குப் போகும் நரம்பை ஒட்டியே தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யை நிறுத்திவிட்டு சி.டி. (பல கோணங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படம்) எடுத்தார்கள். காந்தம் அந்தத் துண்டை அசைத்திருந்தால் கையே செயலிழந்திருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். எப்போது பட்டது என்று கேட்டார். “பத்து வயதில்” என்றேன். “வருந்துகிறேன்” என்றார். துண்டையும் அதைச் சுற்றி வளர்ந்திருந்த தழும்புத் திசுவையும் அகற்றினார்.

இதே பயத்தோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவருக்கு உங்கள் காயம் எங்கே இருக்கிறது என்பதுதான் தேவை. சொல்லிவிடுங்கள். அந்தத் தாதிக்கும் மருத்துவருக்கும் நான் கடமைப்பட்டவன். ரேயை மறுபடி காணவில்லை. அவருக்கு நன்றி சொல்லாதது மனதில் இருக்கிறது.

விரல்களில் உணர்வு திரும்ப நாலு மாதம் ஆனது. இப்போது எனக்கு இருபத்தாறு. ரேயின் ‘கிழவரை’விட மூத்தவன். சோதனைச் சாவடியில் என் சட்டையைக் கழற்றச் சொன்ன ராணுவத்தானை இத்தனை வருடமும் ஒரு பெரிய ஆளாகவே நினைத்திருந்தேன். இன்று நினைத்தால், துப்பாக்கிப் பாரத்தில் தோள் சரிந்து நிற்கும் ஒரு பொடியன்தான் தெரிகிறான்.

இந்தக் கோடையில், இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, சட்டையில்லாமல் கடலில் இறங்கினேன். வெயில் முதுகு முழுவதும் பட்டது.