நான் ருசி பார்க்காத சூப்

நான் பொய் சொன்னேன். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள வியட்நாமியக் கடையொன்றில் ஃபோ என்னும் நூடில்ஸ் சூப் காய்ச்சுகிறவள் நான். அந்த மாட்டெலும்புச் சூப்பில் ஒரு சொட்டைக்கூட இதுவரை நாக்கில் வைத்ததில்லை. வைத்ததாகச் சொல்லிவந்தேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்! நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. அகதியாக வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். இந்த வாய்க்குள் என்ன போகவேண்டும் என்பதை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் மாட்டேன்.

கடைக்கார லான் அக்காவுக்கு ஒரு காய்ச்சலோடு மணமும் ருசியும் போய்விட்டன. அதன்பின் என் நாக்கைத்தான் நம்பினார். கரண்டியை நீட்டி, சரியா என்று, என்னிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லால் கேட்பார்: “ஓமா?”

நான் திரும்பி நின்று, கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, “ஓம்” என்பேன். சுட்ட இஞ்சியும் கறுவாப்பட்டையும் மணந்தால் போதும் என்று நினைத்தேன். நெடுநாள் அது போதுமானதாகவும் இருந்தது!

அவருடைய கணவரின் நினைவுநாள் வந்தது. அவர்களோடு ஒரே படகில் அகதிகளாக வந்த பெரியவர்கள் எல்லாரும் கடையில் கூடினார்கள். முதல் கோப்பையைக் கணவரின் படத்துக்கு முன் வைத்தார்கள். பிறகு... ஒரு கிழவர் ஒரு வாயோடு கரண்டியை வைத்துவிட்டார். இன்னொருவர் தன் கோப்பையில் மெல்லச் சுடுதண்ணீர் ஊற்றினார். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

உப்புக் கரித்திருக்கிறது! அக்கா காலையிலேயே மீன் சோஸ் ஊற்றியது தெரியாமல் நானும் ஊற்றியிருந்தேன். அன்றும் ருசி பார்க்காமலே “ஓம்” என்றிருந்தேன்; ஒரு சொட்டு நாக்கில் பட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லாரும் போனபின், எங்கள் உடைந்த பிரெஞ்சில் அக்கா சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “நீ ருசி பாத்தாப்பிறகு நான்தான் மறந்துபோய்த் திரும்பவும் ஊத்திப்போட்டன். எனக்கு மறதி வந்திட்டுது. அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது... இனி நான் பானையில கை வைக்க மாட்டன்.”

நானும் ஊற்றியதை மறைத்து, கோப்பைகளைக் கழுவப் போனேன்.

அடுத்த ஞாயிறு அதே பெரியவர்கள் வந்து, அதே மேசைகளை நிரப்பி, அதே சூப்பைக் கேட்டார்கள். அவர்கள் அப்படித்தான், அக்காவைக் கைவிடமாட்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே!

வேலை போய்விடும் என்றா பயந்தேன்? இல்லை. சொன்னால் அக்கா சிரித்து மன்னித்துவிடுவார். பிறகு, “ஒருக்கா குடிச்சுத்தான் பாரன்” என்று அன்போடு கரண்டியை நீட்டுவார். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க என்னால் முடியாது. குடிக்கவும் மாட்டேன்!

இப்போது அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, சாவி எங்கே என்று பதறுகிறார். அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். எத்தனை நல்ல நினைவுள்ள மனுஷி, என் பொய்யால் தன்னையே நம்பாமல் போனார்!

இன்று காலையும் சமையலறை வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, “ஓமா?” என்று கேட்டார்.

கரண்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, “ஓம்” என்றேன்.