கடிகாரத்தின் பின்மூடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது நாற்பது. பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதியில் மட்டும் கூடும் பழம்பொருள் சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்டைவிரல். அதில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. கடைக்காரர் வெள்ளைப் பசையைத் தொட்டுத் தொட்டு ஒரு பழைய கைக்கடிகாரத்தின் பின்மூடியை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் எதையோ கலந்தது போன்ற அந்தப் பசையின் வாடை மூன்று மேசை தள்ளி நின்ற எனக்கே வந்தது.

"பாஸ், பின்பக்கத்த தேய்க்காதீங்க," என்றேன்.

"கிளீனா இருந்தாதான் லா ஆளுங்க கையில எடுப்பாங்க," என்றார், நிமிராமல்.

அவர் சொன்னதில் தவறில்லை. பளபளப்பைப் பார்த்துத்தான் ஆட்கள் எடுக்கிறார்கள். நானும் அப்படி எடுத்தவன்தான்.

என்னிடம் இப்போது இருபத்து மூன்று கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. எல்லாம் சாவி கொடுத்து ஓடுபவை. ஒன்றாவது நேரத்தை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று வீட்டில் கேட்கிறார்கள். அது அவதூறு. பதினெட்டு கடிகாரங்கள் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகுவதில்லை. மற்ற ஐந்துக்கும் வயதாகிவிட்டது, எனக்கும்தான். காலையில் தேநீர் கொதிப்பதற்குள் அன்றைக்கு உரியதை எடுத்துச் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வேன். தோல் வார் போடுவதில்லை. நம் ஊர் வியர்வை அதை ஆறு மாதத்தில் தின்றுவிடும். நைலான் வார்தான் சரி, துவைத்துக் காயப்போடலாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி விருந்தாளிக்குக் காட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போனதில்லை. கடிகாரம் கையில் இருக்க வேண்டும், கைப்பிடிச் சுவரில் இடிபட வேண்டும். கீறல் விழுந்தால் விழட்டும்.

கீறலைப் பற்றி இப்படிப் பெரிய மனதோடு பேச எனக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

அந்தப் பசை வாடை நான் முதன்முதலாக வேலை பார்த்த நாள்களுடையது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் நாளிதழ் அலுவலகம், அதற்கு மேல் மாடியில் என் அறை. துணையாசிரியர் என்பது என் பதவி. பிறர் எழுதியதில் ஒற்றுப்பிழை திருத்துவது என் வேலை. அறையில் உடன் இருந்தவன் மணியம், எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரன். கீழே தோசைக்கடை. காலையில் சாம்பார் வாசம் படியேறி வரும், மாலையில் என் பசை வாடை படியிறங்கிப் போகும்.

விடுமுறை நாளில் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவேன். நிலையத்துக்கு அருகே, கடைவரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒரு சீன அங்கிள் துணி விரித்துப் பழைய கடிகாரங்களைப் பரப்பியிருப்பார். அங்கேதான் ஒரு கடிகாரத்தை எடுத்தேன். முகப்பு ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும்; என் கைக்கு வந்தபோது தேநீர் நிறம். நிமிட முள் வெள்ளி, மணி முள் நீலம். எப்போதோ ஒரு முள் உடைந்து, பழுது பார்த்தவர் வேறு கடிகாரத்தின் முள்ளை எடுத்து மாட்டியிருக்கிறார். பின்மூடி முழுக்கக் கீறல்.

இரண்டு மாலைகள் உட்கார்ந்தேன். முதலில் உப்புத்தாள், பிறகு பசை, கடைசியில் என் பழைய பனியன். பின்மூடியில் என் முகம் தெரிந்தது.

"டேய், எவர்சில்வர் தட்டு மாதிரி ஆக்கிட்ட. இனி இதுல சோறு போட்டுச் சாப்புடு," என்றான் மணியம். சொல்லிக்கொண்டே முகப்பை ஒரு படம் எடுத்தான். அந்தப் படத்தோடு ஞாயிறு மலரில் அரைப் பத்தி எழுதினேன். நீல முள்ளைப் பற்றி இரண்டு வரி அதிகமாகவே எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. பெண் குரல்.

"அந்த நீல முள்ளு கடிகாரத்த எழுதுனது நீங்களா சார்? நான் காப்பார்லேருந்து பேசறேன். அது எங்கப்பாவோடது மாதிரி இருக்கு."

மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் செல்வராணி. தொழிற்சாலைச் சட்டை, கையில் தலைக்கவசம். தோசைக்கடையில் உட்கார்ந்ததும் தேநீர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவர் இறந்தபின் குடும்பம் வீடு மாறியது. சாமான்களை ஒழித்த அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னைப் பழைய சாமான் லோரிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். கடிகாரம் அந்த டின்னுக்குள் இருந்தது.

"தெரியாம குடுத்துட்டேன்னு அண்ணன் சொன்னாரு. பொய்யின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நாலு வருஷமா பேச்சு இல்ல. அவரும் இதத் தேடி கிள்ளான்ல கட கடயா ஏறி எறங்குனாராம், அண்ணி சொன்னாங்க."

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் முகப்பைப் பார்க்கவில்லை, உடனே திருப்பினார். மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது இல்ல சார். அப்பா பின்னால ஆணியால கோடு போட்டிருப்பாரு. இதுல ஒண்ணும் இல்ல. புதுசா இருக்கு."

பேசாமல் இருந்திருந்தால் அவர் தேநீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

"கீறல் இருந்துச்சு. நான்தான் தேய்ச்சுட்டேன்."

"எதுக்கு சார்?"

"அழகா இருக்கும்னு."

அவர் மூடியை விரலால் ஒருமுறை தடவினார். "இப்ப அழகாத்தான் இருக்கு," என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சேகரிப்பதில் நான் அப்போது கற்றுக்குட்டி. குறிப்பெடுப்பதில் அல்ல. கையில் வந்த ஒவ்வொரு கடிகாரத்தையும், அதைத் தொட்டுத் துடைக்கும் முன்பே, ஒரு நோட்டில் எழுதிவிடுவேன்: எங்கே எடுத்தது, முள் எந்த மணியில் நின்றிருந்தது, எங்கே அடி, எங்கே கீறல். ஒருவர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றி எழுதினாலும் சரியாக எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம். மாடியேறி நோட்டை எடுத்து வந்தேன். உடனே திறக்கவில்லை. திறந்து காட்டினால் அவர் பார்க்க விரும்பியதைப் பார்த்துவிடக்கூடும்.

"நீங்க மொதல்ல வரைஞ்சு காட்டுங்க. அப்புறம் நான் இதத் தெறக்கறேன்."

என் பேனாவை வாங்கி மெல்லிய கைதுடைக்கும் தாளில் வரைந்தார். பக்கத்தில் பக்கத்தில் மூன்று நீளக் கோடுகள். சற்றுத் தள்ளி ஒரு குட்டைக் கோடு.

"புள்ள பொறக்க பொறக்க ஒவ்வொரு கோடு. அண்ணன், ரெண்டு அக்கா, நான். நான் ஏழு மாசத்துலயே பொறந்துட்டேன். சின்னதா இருக்குன்னு அப்பா கோட்டையும் சின்னதா போட்டுட்டாரு."

நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். என் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: "பின்மூடி: தேய்மானக் கீறல் நிறைய. நடுவில் ஆழமான கோடு நான்கு. மூன்று நீளம். வலது ஓரத்தில் ஒன்று பாதி."

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தோசைக்கடைக்காரரிடம் கேட்டு, கல்லா அருகே இருந்த தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். எண் மனப்பாடமாக இருந்தது.

"அண்ணே, நான்தான். ... இல்ல, யாருக்கும் ஒண்ணும் இல்ல. அப்பா கடிகாரம் கெடச்சிருச்சு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நாலுதான். கடைசி சின்னது. ... ஆமா, எடுத்தவரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு."

அதற்குமேல் கேட்பது முறையல்ல என்று நான் வெளியே போய் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் அவர் சிரித்தது காதில் விழுந்தது.

கோடு நான்கையும் ஆள் வைத்து மறுபடி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார். அது நீங்க போட்ட கோடாயிரும்," என்றார். அதற்குப் பதிலாக நோட்டின் அந்தப் பக்கத்தைக் கேட்டார். கிழித்து, கடிகாரத்தோடு சேர்த்துக் கொடுத்தேன்.

அந்த நாளிதழ் இப்போது இல்லை. கடைவீடு இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடி ஹோட்டல் நிற்கிறது. கிள்ளான் நடைபாதையில் துணி விரிப்பவர் யாரும் இல்லை. மணியம் எடுத்த படத்தின் சுருள் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

போன தீபாவளிக்குச் செல்வராணி ஒரு படம் அனுப்பியிருந்தார். கடிகாரம் அவருடைய அண்ணன் கையில் இருந்தது.