ஜெயராணி அக்கா மன்னிக்கவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஜெயராணி அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டா. நெஞ்சு வலிக்குன்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." எனக்கு அழுகை வரவில்லை. ஒரு மனிதரின் முகம்தான் கண்முன் வந்தது.

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் நானும் அக்காவும் பில்லும் கணக்கும் ஓடும் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டோம். அது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எந்த நிலையில் எழ வேண்டும் என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும். வெறும் எழுத்துத் திரையோடு எழலாம், படத் திரையோடு எழலாம், பழுது பார்ப்பதற்கு மட்டும் எழலாம். எழுந்ததும் தன்னையே மறுபடி அணைத்துத் தொடங்கும் நிலையும் உண்டு. அதை நிரந்தரமாக வைக்கவே கூடாது.

வருகிற வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காக மேலாளர் படத் திரை கேட்டார். "இது வேலை செய்ய மிஷின் சார். வேடிக்கை பாக்க டிவி இருக்குல்லா?" என்றார் அக்கா. அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பை மேலாளர் மறக்கவில்லை.

அக்கா சர்ச்சுக்குப் போயிருந்த ஞாயிறன்று மேலாளரே படத் திரைக்காக உள்ளே புகுந்து நிலையை மாற்றினார், தப்பானதற்கு. மறுநாள் கரண்ட் போய் வந்ததும் சர்வர் எழுந்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது. பில் போட முடியாமல் நூல் லாரிகள் வாசலில் நின்றன. மேலாளர் எங்களிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நேத்து நான்தாம்மா செத்த மாத்திப் பாத்தேன். சரி பண்ணிருங்க."

சர்வர் எழும் கணத்தில் வரும் மெனுவிலேயே அக்கா அதை நிறுத்தினார். பழுது பார்க்கும் நிலையில் எழுப்பி, பழைய எழுத்துத் திரையையே நிரந்தரமாக்கினார். "எந்திரிச்சிட்டான் பாரு ஏட்டி" என்று என் தோளில் தட்டினார்.

மதியம் முதலாளி அறையில் மேலாளர் சொன்னார்: "ஜெயராணி தெரியாம எதையோ மாத்திட்டாங்க."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றார் அக்கா. அவர் சுவரைப் பார்த்தார். காலையில் அவர் எங்களிடம் சொன்னதை நான் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் சேக்காளிக" என்று முதலாளி தள்ளிவிட்டார். அக்காவின் வேலை அன்றே போனது. அந்த வாரமே நானும் விலகினேன். மேலாளர் அதோடு விடவில்லை. அக்கா வேலை கேட்டுப் போன இடங்களுக்கெல்லாம் மேலாளரின் போன் முன்னாலேயே போனது. கடைசிவரை மதுரைக்குப் பேருந்தில் வேலைக்குப் போய்வந்துதான் அக்கா பிழைத்தார்.

"மன்னிக்கச் சொல்லித்தானக்கா உங்க வேதத்துல இருக்கு?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"அந்தாளு வந்து கேக்கணும்லாட்டி? கேக்காதவனுக்கு எப்படிக் குடுக்க?"

அக்காவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு மேலாளர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். "எங்க மில்லுக்கே தூணா இருந்தாங்க" என்று தொடங்கினார்.

"சர்வரை மாத்துனது யாருன்னு சொல்லிட்டு மாலையப் போடுங்க சார்" என்றேன்.

"இந்த நேரத்துல வேண்டாம்மா" என்றார் பாஸ்டர்.

"அக்காவுக்கு இனிமே வேற நேரம் இல்ல ஐயா."

மில் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுக்க முடியாமல் நின்றதைப் பார்க்க எனக்கு இனித்தது. அக்காவின் தம்பி மாலையை வாங்கி, மேலாளரின் கார் டிரைவர் கையிலேயே கொடுத்தார்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அவர் எல்லாரையும் மன்னித்துவிட்டுப் போனதாக ஜெபத்தில் சொன்னார்கள். நம்பாதீர்கள். மன்னிக்காமல்தான் போனார். அவர் விட்டுச்சென்ற அந்தக் கோபத்தை நான் வைத்திருக்கிறேன். மன்னிப்பு வேண்டுமென்றால் அந்த மனிதர் இனி என்னிடம்தான் வர வேண்டும். வரட்டும். கொடுக்க மாட்டேன்.