சூடு தெரியும்வரை

உணர்வில்லாத தோலும் நம்முடையதுதானா? அடுத்த வீட்டு மன்னூபியா காலைதோறும் சட்டையைத் தூக்கிப் பிடித்து, கண்களை இறுக மூடி நின்றபோதெல்லாம் எனக்கு இது தோன்றும். அவள் தங்கை ரெபாஹ் ஒரு கையில் சுடு ரொட்டியும் மறுகையில் ஈரக் கரண்டியும் வைத்திருப்பாள். ஏதாவது ஒன்றை அக்காவின் தொப்புளுக்குக் கீழே வைப்பாள்.

"இப்ப என்னக்கா?"

"கரண்டி."

"ரொட்டி! போ, இன்னிக்கும் நீ மாவுதான் பிசையணும்."

துனிசியாவின் நாபுல் ஊரில் எங்கள் தெருவுக்கே தபூனா ரொட்டி சுட்டவள் மன்னூபியா. மண்ணடுப்பின் விளிம்பில் வயிற்றைச் சாய்த்து, தோள்வரை உள்ளே குனிந்து, உட்சுவரில் மாவை அறைவாள். அடுப்பு காய்ந்த பதத்தை அவளுக்குச் சொல்வது அந்த வயிறுதான்.

மூன்று பிள்ளை பெற்றுத் தொங்கிய அதைத் தலைநகர் தூனிஸுக்குப் போய் ஆபரேஷனில் வெட்டிச் சீராக்கிக்கொண்டாள். புருஷனுக்காகவா என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். "அவரு என் வயித்தைப் பார்த்து எந்தக் காலமாச்சு! எனக்காகத்தான்டி."

காயம் ஆறியதும் பழக்கப்படி விளிம்பில் சாய்ந்தாள். துணி கருகும் வாடை வந்து ரெபாஹ்தான் பின்னால் இழுத்தாள். தோல் கொப்பளித்திருந்தது. அதை மன்னூபியா கண்ணால் பார்த்துத்தான் அறிந்தாள்.

"அறுந்த நரம்பு மெதுவாத்தான் வளரும், கொஞ்ச இடம் வராமலும் போகலாம். சூடு தெரியற வரைக்கும் அடுப்புப் பக்கம் போகாதீங்க" என்றார் டாக்டர். அடுப்பு தங்கை கைக்குப் போனது. "அது என் அடுப்புடி!" என்று தினமும் சண்டை.

எளிதில் வியப்பவள் அல்ல நான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவள் வயிற்றில் எறும்பு ஊர்ந்தது, ஊசி குத்தியது, இடுப்பைச் சொறிந்தால் தொப்புளருகே அரிப்பு அடங்கியது. "உள்ள யாரோ வழி தெரியாம சுத்துறாங்க" என்பாள். யாரும் ஏவாமல், இருட்டில், ஒரு நரம்பிழை தன் பழைய இடத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சுமந்தவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் காலைதோறும் என் வேலையைப் போட்டுவிட்டு அதைப் பார்க்க வந்து நின்றேன்.

ஒரு காலை கண்ணைத் திறக்காமலே கத்தினாள். "ரொட்டி! சுடுது, எடுடி!"

ரெபாஹ் நம்பாமல் மாற்றி மாற்றி வைத்தாள். ஒன்றும் தப்பவில்லை. டாக்டரும் சரி என்றார்.

"வாக்கா, உன் அடுப்பு. இனிமே என் உயிரை வாங்காதே" என்று ரெபாஹ் விலகி நின்றாள்.

மன்னூபியா ஓர் உருண்டை மாவை எடுத்துத் தட்டினாள். பிறகு அதைத் தங்கையின் கையிலேயே வைத்துவிட்டு, "நீ அறைடி, பதத்தை நான் சொல்றேன்" என்று எதிர்ப்பக்க விளிம்பில் வயிற்றைச் சாய்த்து நின்றாள். சுட்டபோது விலகினாள். மறுபடி சாய்ந்தாள்.