சாவியைக் கழற்றாமல் ஏறிய ஜீப்

வண்டியை நிறுத்தியதும் என் கண் இன்னும் கல்லைத் தேடுகிறது. பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல். நெதர்லாந்தில் கல் கிடைப்பதில்லை. தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் கடல். வந்த புதிதில் எங்கோ கிடந்த செங்கல் ஒன்றைக் கொண்டுவந்து தினமும் சக்கரத்தடியில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சில நாள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "பிரேக் பழுதா?" என்றார். இல்லை, வண்டி உருண்டுவிடக் கூடாதே என்றேன். அவர் தெருவின் இந்தக் கோடியையும் பார்த்தார், அந்தக் கோடியையும் பார்த்தார். ஒரு கோலிக்குண்டை வைத்தால்கூட யோசித்துக்கொண்டு அங்கேயே நிற்கும் தெரு அது. மறுநாள் மிகுந்த கனிவோடு ஒரு நல்ல மெக்கானிக்கின் விலாசத்தை எழுதித் தந்தார். பார்த்தால், நான் வேலை செய்யும் பட்டறையின் விலாசம்.

இங்கே கால்வாய்ப் பாலத்தின் சிறு ஏற்றத்தைக்கூட 'பெர்க்' என்கிறார்கள். மலை என்று பொருள். சைக்கிளை விட்டு இறங்கி, மூச்சு வாங்கி, மலை ஏறிவிட்ட முகத்தோடு மறுபடி மிதிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. சோறு போடும் ஊர். எங்கள் பட்டறையில் காரை இரும்பு உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டிவைத்து ஓட்டுவோம். சக்கரம் பறக்கும், வண்டி நகராது. பக்கத்தில் கணினித் திரையில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை: இன்ஜின் இந்த வேகத்தில் சுற்றும்போது, மிதி இவ்வளவு அமுங்கினால், இவ்வளவு பெட்ரோல் தெளி. ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுத் திருத்துவதுதான் என் உத்தியோகம். வண்டி ஓடும்போது தன் நாடித்துடிப்பைத் தானே எழுதிவைக்கும். அதற்கு 'லாக்' என்று பெயர். அதைப் படித்துத்தான் திருத்த வேண்டும். முதலாளி ஹெங்க் எனக்குச் சொன்ன முதல் பாடம், லாகில் அர்த்தமில்லாத வரிகளைக் கண்டால் அழித்துவிடு என்பது.

நான் கூடலூர் மலைப்பக்கத்து ஓவேலிக்காரன். தேயிலை விலை விழத் தொடங்கியபோது எங்கள் பக்கத்து ஃபாக்டரி முதலில் வாரத்தில் சில நாள் புகைந்தது, பிறகு புகையவே இல்லை. புகைபோக்கியில் மைனா கூடு கட்டியது. ஃபாக்டரி இன்ஜின்களை நம்பிப் பிழைத்த நான் கப்பல் மாதிரி ஊர் ஊராக ஒதுங்கி, கடைசியில் கடலுக்கும் கீழே இருக்கும் இந்த நாட்டில் கரை தட்டினேன். தங்கையும் மாப்பிள்ளை துரைசாமியும் அங்கேயே இருந்தார்கள். சிறு தோட்டக்காரர்களின் பச்சை இலையை மூட்டை மூட்டையாக ஜீப்பில் ஏற்றி, கூடலூர் தாண்டி மலைமேல் நடுவட்டம் பக்கத்தில் இன்னும் மூச்சோடிருந்த ஒரு ஃபாக்டரிக்குக் கொண்டுபோவது மாப்பிள்ளையின் வேலை. பறித்த இலை மூட்டைக்குள் அதிக நேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையை ஃபாக்டரி வாங்காது. ஆக, ஜீப் நின்றால் பத்துப் பன்னிரண்டு வீட்டு அடுப்பு நிற்கும்.

போன விடுமுறையில் அந்த ஜீப்பின் பழைய கார்புரேட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இங்கிருந்து பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே மறைத்துக் கொண்டுபோன, பெட்ரோலை அளந்து தெளிக்கும் கணினிப் பெட்டியைப் பொருத்தினேன். பெட்ரோல் மிச்சமாகும் என்று தங்கையிடம் சத்தியம் செய்தேன். மிச்சத் திருத்தம் தபால் வழிக் கல்வி மாதிரி: மாப்பிள்ளை லாக் பிடிப்பார், தங்கை கூடலூர் இன்டர்நெட் சென்டரிலிருந்து அனுப்புவாள், நான் திருத்தித் திருப்பி அனுப்புவேன்.

முதல் லாகைத் திரையில் விரித்தபோது ஹெங்க் பின்னால் வந்து நின்றான். இறக்கம் முழுக்க இன்ஜின் சுற்று பூஜ்யம். ஜீப்பின் வேகம் நாற்பது.

"சென்சார் செத்துவிட்டது" என்றான்.

"இல்லை. இன்ஜினை அணைத்து, சாவியை மறுபடி போட்டுவைத்து, நியூட்ரலில் இறங்குகிறார்."

"மலையிலா?"

"பெட்ரோல் மிச்சம்."

ஹெங்க் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உன் தங்கை இந்த மனிதரை விரும்பித்தான் கல்யாணம் செய்தாளா?" என்று கேட்டான். அந்தப் பூஜ்யங்களை அழித்தோம்.

ஏற்றத்திலும் ஒரு தொல்லை. ஒவ்வொரு பயணமும் இரண்டு துண்டாக வந்தது. பாதி மலையில், எப்போதும் ஒரே இடத்தில், லாக் அறுந்து மறுபடி தொடங்கியது. எனக்குத் தெரியாத இடமா? முனியப்பன் வளைவு. எங்கள் பக்க டிரைவர்கள் அங்கே சும்மா ஹாரன் அடித்துவிட்டுப் போகமாட்டார்கள். இன்ஜினை அணைத்து, சாவியைக் கழற்றி, முனியப்பனின் வேலடியில் வைத்து, குங்குமம் ஒட்டிய சாவியோடு திரும்பி வந்துதான் வண்டியை எடுப்பார்கள். உறுமிக்கொண்டிருக்கும் வண்டியில் உட்கார்ந்து கும்பிட்டால் அது கும்பிட்டதாகச் சேராது. எனக்கோ அறுபடாத ஒரே இழை வேண்டும். அழகான, நீளமான, கீழிருந்து மேல்வரை ஒரே ஏற்றம்.

"மாப்ள, கொஞ்ச நாளைக்கு நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க" என்றேன் போனில்.

"முனியப்பனுக்குமாங்க?"

"அவருக்கும்தான்."

"செரிங்க மச்சான். முன்னாடியே சொல்லி உத்தரவு வாங்கிக்கறனுங்க."

வாங்கினாரோ இல்லையோ, மறுநாளே ஜீப் நடுவட்டத்துக்குச் சற்றுக் கீழே கரும்புகை கக்கி, இருமி, நின்றது. இலை சிவந்தது. நான் ஒரு கட்டத்தில் பெட்ரோலைக் குறைத்தேன். கீழே கூடலூரிலேயே திணறியது. கூட்டினேன், மேலே மறுபடி கரும்புகை. பிளக்கை மாற்றச் சொன்னேன், ஃபில்டரை மாற்றச் சொன்னேன், பெட்ரோல் பங்கை மாற்றச் சொன்னேன். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் செரிங்க என்றார். அந்தச் செரிங்க நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. இலைக்காரர்கள் கூடிப் பேசிவிட்டார்கள்: திங்கட்கிழமை ஒரு தடவை பார்ப்பது, அன்றைக்கும் நின்றால் இலை வேறு வண்டிக்கு. பொன்னுசாமி என்கிற பெரியவர் முன்சீட்டிலேயே உட்கார்ந்து வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

தங்கை போனைப் பிடுங்கினாள். "ஏண்ணா, நீ அங்க உக்காந்துட்டு இங்க சாமிக்கு லீவு குடுத்தயாமா? நேத்து நான் கூடப் போயி வளைவுல நிறுத்தி, சாவிய வெச்சுக் கும்புட்டு வந்தனுங்கறேன். வண்டி ஆட்டுக்குட்டியாட்டப் போவுது!"

"அது தற்செயல்."

"ஆமா, உன்ர கம்ப்யூட்டர் மட்டும் வேணும்னே செய்யுது."

அவள் கூடப் போன அன்றைய லாகும் வந்தது. இரண்டு துண்டு. இரண்டின் முதல் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காற்றழுத்தம் என்றொரு எண். இரண்டாம் துண்டில் அது குறைந்திருந்தது. ஒரே துண்டாக வந்த பழைய லாக்குகளில் அந்த எண் கூடலூரிலிருந்து நடுவட்டம்வரை அசையவே இல்லை. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தா மாதிரி. நான் கட்டிய பெட்டி, சாவி திருப்பும்போது ஒரே ஒரு முறைதான் காற்றைத் தொட்டுப் பார்க்கும். மேலே ஏற ஏறக் காற்று இளைக்கிறது, அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. யாராவது நடுவழியில் சாவியைக் கழற்றி மறுபடி போட்டால்தான் தெரியும். முனியப்பன் வளைவில் இவ்வளவு நாளும் அது பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

காலையில் இருந்த காற்றே மாலையிலும் இருக்கும் தட்டை நாட்டில், காற்று இளைக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மலையில் பிறந்தவனுக்கு. ஹெங்கிடம் விளக்கினேன். அவன் "அந்த முனியப்பன் எந்தக் கம்பெனியில் பயிற்சி எடுத்தார்?" என்றான்.

மாப்பிள்ளையிடம் வளைவில் மறுபடி நிறுத்தச் சொன்னபோது முதல் முறையாக அவர் செரிங்க என்று சொல்லவில்லை.

"நிறுத்தாதீங்கன்னீங்க. இப்ப நிறுத்துங்கறீங்க. அவரென்ன நம்ம ஊட்டு வாட்ச்மேனுங்களா மச்சான்? கோவிச்சுக்கிட்டிருந்தா?"

"கோவமெல்லாம் இல்ல மாப்ள. காத்துதான்."

"எந்தக் காத்துன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும், அங்கிருந்து?"



திங்கட்கிழமை. அங்கே இலை ஏறும் பிற்பகல், இங்கே முற்பகல். சும்மா உட்கார முடியவில்லை. ஓடிக்கொண்டே காற்றைப் பார்க்கும் இன்னொரு சென்சாருக்குப் புதிய அட்டவணை எழுதி வைத்திருந்தேன். அதைச் சோதிக்கிறேன் என்று ஹெங்கிடம் சொன்னேன். ஜீப்பில் இருக்கும் அதே ஜப்பான் இன்ஜின் கொண்ட பழைய கார் ஒன்றை உருளைமேல் ஏற்றினோம். மிதி என் காலடியில். கூடலூர்ச் சாலையின் ஏற்ற இறக்கத்தை ஹெங்க் உருளையின் சுமையாக ஏற்றிக்கொண்டே வந்தான். ஆனால் காற்று? மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி, சென்சாரின் வாயில் குழாய் வைத்து மாட்டினேன். சிரிஞ்சை இழுக்க இழுக்க, பெட்டிக்கு அது மலைக்காற்று.

தொடங்கினோம். ஹெங்க் சுமையைக் கூட்டினான். நான் சிரிஞ்சை நூலிழை இழுத்தேன். தைல மரங்கள் வந்தன. எதிரே பஸ் வந்தது, ஒதுங்கினேன், காலைத் தளர்த்தியதைப் பார்த்து ஹெங்க் "என்ன?" என்றான். "பஸ்" என்றேன். அவன் மரியாதையாகக் காத்திருந்தான். கொண்டை ஊசி ஒன்று, இன்னொன்று. முனியப்பன் வளைவு. இங்கே நிறுத்த அவசியமில்லை, புதிய அட்டவணையே பார்த்துக்கொள்ளும். நிறுத்தினேன். சாவியைக் கழற்றினேன். வைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்திருந்துவிட்டு மறுபடி போட்டேன். ஹெங்க் தொப்பியை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டான். தேயிலைச் சரிவு பச்சையாக விரிந்தது, அதன்மேல் மூடுபனி. இன்ஜின் இருமவில்லை. சிரிஞ்சின் தண்டு கடைசிவரை வந்திருந்தபோது போன் அடித்தது.

"மச்சான், வளைவுல சாவிய வெச்சுக் கும்புட்டனுங்க, ஏறிருச்சுங்க! இலை கொட்டியாச்சுங்க, பச்சையாவே! பொன்னுசாமி அண்ணன் நாளைக்கும் என்ர வண்டியிலதான்னு சொல்லிட்டாருங்க… ஹலோ? கேக்குதுங்களா?"

எங்கோ கிணற்றடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே, ஓரடிகூட நகராத ஒரு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். கொட்டாவி விட்டுப் பார்த்தேன்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க மாப்ள" என்றேன். "காது அடைச்சிருக்கு. இப்பத்தான் மேல வந்து சேர்ந்தேன்."