நூலால் அளந்த சிங்கப்பூர்

தாம்பரம் டிராவல் ஏஜென்சியில் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, நூலில் விழுந்த சிக்கை எடுப்பது. நான் டிக்கெட்டிங் படித்துவிட்டு வந்தவன். எண்பதுகளின் கடைசி அது.

முதலாளி ரயில்வேயில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் உலகப்படம் மாட்டியிருந்தார். மீனம்பாக்கத்தில் ஒரு குண்டூசி, போகிற ஊரில் ஒரு குண்டூசி, நடுவில் நூல். நூலை ஸ்கேலில் வைத்துக் கிலோமீட்டர் ஆக்குவார். எண்ணூறால் வகுத்துப் பயண நேரம் சொல்வார். விமான டைம்டேபிள் மேசையிலேயே கிடந்தது. அதன்மேல் காபி டம்ளர் வைப்பார்.

மூன்றாவது வாரம் பீர்க்கன்கரணை அந்தோணி வந்தார். கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேன். இரண்டு வருடம் சும்மா இருந்து கிடைத்த வேலை. புதன்கிழமை மாலை நான்கு மணிக்குச் சிங்கப்பூர் படகுத்துறையில் நிற்க வேண்டும். கப்பலுக்குப் போகும் கடைசிப் படகு அதுதான்.

"செவ்வாக்கெழமயே போயிடட்டா சார்? பேஜாராயிடப் போவுது."

முதலாளி நூலை நீட்டினார். "புதன் காலைல பத்து மணி ஃபிளைட். நாலு மணி நேரம். ரெண்டு மணிக்கு இறங்கிடுவே. முதல் நாளே போய் அங்க குந்திக்கிட்டு என்னய்யா பண்ணப்போறே?"

நான் டம்ளரை நகர்த்திப் பக்கத்தைப் புரட்டினேன். "சார், அங்க மணி நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னால. இறங்கும்போதே நாலரை ஆயிடும்."

அவர் அந்தோணியைப் பார்த்தே பேசினார். "முப்பது வருஷம் ரயிலுக்கு மணி பார்த்தவன் நான். கன்னியாகுமரியிலயும் அதே மணி, கல்கத்தாவுலயும் அதே மணி. வாட்ச்சைத் திருப்பினா பிளேன் லேட்டாயிடுமா? படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கோ!"

அந்தோணி சிரித்தார். நானும் சிரித்தேன். புதன்கிழமை டிக்கெட்டை நானே எழுதினேன். அந்தக் காலத்து டிக்கெட்டில் புறப்படும் நேரம் மட்டும்தான் இருக்கும்.

பத்து நாளில் அந்தோணி திரும்பி வந்தார். படகு போய்விட்டது. கப்பலில் வேறு ஆளை ஏற்றிக்கொண்டார்கள்.

"அரை மணி நேரம் வெய்ட் பண்ணக்கூடாதா? மனுஷனுங்களா அவனுங்க!" என்றார் முதலாளி. பிறகு உலகப்படத்தருகே போய், "நூல் கொஞ்சம் தொய்ஞ்சிருக்கு" என்று இழுத்துக் கட்டினார்.

அந்தோணி அவரோடு சண்டை போடவில்லை. என் மேசைக்கு வந்தார்.

"அவருக்குத் தெரியல, சரி. உனக்குத் தெரிஞ்சிது இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு சிரிச்ச?"

டைம்டேபிளைப் புரட்டினேன்.

புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. இறங்கும் நேரத்தை, அந்த ஊர் மணிப்படி, டிக்கெட் உறையில் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். பிறகு வந்த எல்லாருக்கும் நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தோணியின் உறையிலும் அதற்கு இடம் இருந்தது.